புரதத்தை அளந்து ஊட்ட வேண்டிய பிள்ளைக்காக ஓர் உதவி வேண்டுகோள்

குழு உறவுகள் அனைவருக்கும் வணக்கம். களுவாஞ்சிகுடியில் வசிக்கும் என் தங்கையின் நான்கு வயது மகளுக்கு மெதைல்மலோனிக் அசிடீமியா என்ற பிறவிக் குறைபாடு இருப்பதை வைத்தியர்கள் உறுதிப்படுத்தியுள்ளார்கள். புரதத்தின் கூறுகளான ஐசோலியூசின், வலீன், மெதியோனீன், திரியோனீன் ஆகிய அமினோ அமிலங்கள் உடையும்போது உண்டாகும் மெதைல்மலோனைல் கோஏ என்ற பொருள், உடற்கலங்களில் சக்தியை உண்டாக்கும் இழைமணிக்குள்ளே (மைற்றோகொண்ட்ரியா) சக்சினைல் கோஏ என்ற வேறொரு பொருளாக மாறிச் சக்தி உற்பத்தியில் சேர வேண்டும். அதற்கு ஒரு நொதியமும் விற்றமின் பி12 இன் துணையும் தேவை. அம்மாற்றம் தடைப்படும்போது தேங்கும் அமிலங்கள் இழைமணியின் சக்தி உற்பத்தியையே பாதிக்கின்றன. இரத்தத்தில் அமோனியாவும் உயரக்கூடும். காய்ச்சலில் பிள்ளை சாப்பிடாமல் கிடந்தாலே உடல் தன் தசைப் புரதத்தை உடைக்கத் தொடங்கிவிடும் என்பதுதான் எங்களின் பெரிய பயம்.

தங்கை குசினியில் சிறு தராசு வைத்து, 100 கிராம் சோற்றில் ஏறத்தாழ 2.5 கிராம் புரதம் எனக் கணக்கிட்டு ஊட்டுகிறாள். தயிர்ச்சட்டியைக் கண்டதும் பிள்ளை கையை நீட்டும்போது, அரைக் கரண்டியோடு நிறுத்துவது அவளுக்கு மிகவும் கடினமாக இருக்கிறது. புரதத்தை முற்றாக நிறுத்தச் சொல்லும் அயலவரின் ஆலோசனையை நாங்கள் ஏற்கவில்லை. வளரும் பிள்ளைக்கு அதுவும் ஆபத்தானது.

புட்டு, இடியப்பம், மரவள்ளிக்கிழங்கு, வாவி மீன் ஆகியவற்றின் புரத அளவுகளைத் தமிழில் தொகுத்து வைத்திருப்போர் தயவுசெய்து பகிருங்கள். மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ இத்தகைய பிள்ளையைப் பாலர் பாடசாலைக்கு அனுப்பும் பெற்றோர் இருந்தால், அங்குள்ள ஆசிரியைகளுக்கு எப்படி விளங்கப்படுத்தினீர்கள் என்பதையும் எழுதுங்கள். வைத்தியர் தந்த அளவுகளை மாற்றுவதற்காக இதைக் கேட்கவில்லை.