அம்மை வார்டில் அந்த வேப்பிலை: உங்களுக்கும் இப்படி நடந்ததுண்டா?

பழைய ஹவுஸ் சர்ஜன்:
மேலூர்ப் பக்கத்துப் பையன், 22 வயது. உடம்பெல்லாம் முத்து, நெஞ்சுக்கும் இறங்கி மூச்சு இரைக்கிறது. வைரஸுக்கான மருந்து ஏசைக்ளோவிர் ஏற்றப் போனால் படுக்கை முழுக்க வேப்பிலை. "என்னம்மா இது குப்பை" என்று நானே அள்ளிக் கீழே போட்டேன். அவன் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. குனிந்து கொத்துக் கொத்தாகப் பொறுக்கி முந்தானையில் சேர்த்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அம்மை கண்டால் மருந்தே தொடாத வீடு, சாமிகுத்தம் ஆகிவிடுமோ என்ற பயத்தோடுதான் அவனைத் தூக்கி வந்திருக்கிறார், அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. பையன் பிழைத்தான். போகும்போது எல்லோரையும் கும்பிட்டார், என்னைத் தவிர. வைரஸைப் படித்தேன், இதை யாரும் சொல்லித்தரவில்லை.

தியேட்டர் சிஸ்டர்:
சொல்லித்தரவில்லை என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன் டாக்டர். பக்கத்தில் சிஸ்டர் இருந்திருப்பாரே, கேட்டீர்களா? சிசேரியனுக்கு வந்த பொண்ணிடம் பயிற்சி டாக்டர் தம்பி "தாலியைக் கழட்டுங்க" என்று கையை நீட்ட, அவள் இரண்டு கையாலும் கழுத்தைப் பொத்திக்கொண்டாள். பிபி ஏறிவிட்டது. விரலி மஞ்சள் துண்டு ஒன்றை நூலில் கட்டி மாமியார் கையாலேயே போடச் சொன்னேன். அப்புறம் அவளே தங்கத்தைக் கழற்றிக் கொடுத்தாள்.

உசிலம்பட்டி பி.எச்.சி. (ஆரம்ப சுகாதார நிலைய) டாக்டர்:
இரண்டு பேரும் ஒரு பக்கமே பேசுகிறீர்கள். பேதியாகிற குழந்தையைத் தொக்கம் எடுக்க, அதாவது வயிற்றில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று நாட்டு வைத்தியரிடம் எடுக்கத் தூக்கிப்போய், கண் குழிவிழுந்த பிறகு இங்கே கொண்டுவந்தால் என்ன செய்வது? ஒரு அப்பத்தாவிடம் கத்திவிட்டேன். அந்தப் பேரன் மறுபடி வரவே இல்லை, அதுதான் உறுத்துகிறது. இப்போதெல்லாம் "தொக்கம் எடுத்தாச்சா ஆத்தா?" என்று நானே முதலில் கேட்கிறேன். எடுத்தாச்சா, சரி, இனி ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு பாக்கெட் ஓ.ஆர்.எஸ்., 14 நாள் ஜிங்க். மாணவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2019லிருந்து எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் ஏட்காம் (நோயாளியிடம் நடந்துகொள்ளும் முறை, மருத்துவ அறம், பேச்சுமுறை பற்றிய பாடம்) இருக்கிறது, குடும்பங்களைத் தத்தெடுத்துப் பார்க்கும் திட்டமும் பிறகு வந்தது. போகிற வீட்டில் பிபி பார்த்துவிட்டு ஓடி வராதீர்கள், திண்ணையில் உட்காருங்கள். "இது எதனால வந்துச்சுன்னு நினைக்கிறீங்க?" என்று கேளுங்கள். அமெரிக்க மனநல மருத்துவரும் மானுடவியலாளருமான ஆர்தர் கிளைன்மன் 1978லேயே டாக்டர்களைக் கேட்கச் சொன்ன கேள்வி அது. பதில் வரும்வரை பேனாவை எடுக்காதீர்கள்.

பழைய ஹவுஸ் சர்ஜன்:
சிஸ்டர் சொன்னது சரி. பக்கத்தில்தான் நின்றார், நான் கேட்கவில்லை. அந்த அம்மாவோடு சேர்ந்து குனிந்து இலை பொறுக்கியதும் அவர்தான்.