பேஸ் இறங்கினால் "புஸ்": ஸ்பீக்கர் பொக்ஸ் மூட்டுகள், உங்கள் அனுபவம்

ஆரையம்பதி:
18 மில்லி எம்.டி.எஃப். (மர நாரைப் பசையோடு அமத்திச் செய்த பலகை) பொக்ஸ் ஒன்று, 15 இஞ்சி சப் (பேஸ் ஸ்பீக்கர்), முன்னால் போர்ட் (காற்று போய்வரும் வாய்). எல்லோருக்கும் தெரிந்த வகைதான். ஆடி அமாவாசைக்கு மாமாங்கத்துப் பக்கம் ஸ்பீக்கர் கட்டியவர், திரும்பி வரும் வழியில் என்னிடம் இறக்கினார். "உடுக்கு அடிக்கக்க சரி தம்பி, பேஸ் இறங்கினா புஸ் எண்டு ஒரு சத்தம். ஸ்பீக்கர் போச்சு போல" என்றார். கோனில் ஒரு கிழிசலும் இல்லை. வேறு ஸ்பீக்கர் மாட்டினேன், அதே புஸ்.

மறுகா 40 ஹேர்ட்ஸ் டோனை ஓடவிட்டு, ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி மூட்டு மூட்டாகக் கொண்டுபோனேன். பக்கப் பலகைகளில் புகை நேரே ஏறியது. பின் பலகையின் கீழ் மூலைக்கு வந்ததும் துண்டு துண்டாக வெட்டுப்பட்டு விலகியது, காற்று கசிவது அங்கேதான். வால்யூமைக் குறைத்தால் மறுபடி நேரே ஏறுகிறது. அந்த இடத்தில் வெளியே ஒரு கீறல்கூடத் தெரியவில்லை. நாலு விரற்கடைக்கு ஒரு ஸ்குரூ, மேலே கறுப்பு பெயின்ட், பார்த்தால் அசைக்க முடியாத பெட்டி.

கழற்றினால், விளிம்பின் நடுவில் மட்டும் மெல்லிய கோடாகப் பசை. மிச்சமெல்லாம் காய்ந்த தூள். எம்.டி.எஃப். விளிம்பு பசையைக் குடிக்கும் என்று தெரிந்த விசயம்தானே? இவ்வளவு ஸ்குரூ போட்ட கைக்குப் பசையில் ஏன் கஞ்சத்தனம் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. உங்களிடமும் இப்படி வந்திருக்கிறதா?

சாய்ந்தமருது:
என் வாப்பா ஓடாவி. அலுமாரி, கட்டில்தான் அவர் வேலை, ஆனால் என் முதல் பொக்ஸுக்கு அவர்தான் பசை பூசினார். தண்ணீர் கொஞ்சம் கலந்த பசையை விளிம்பில் தடவி, அது உள்ளே இழுபடும் வரை விட்டார். அதற்கு மேல் கெட்டிப் பசை. கிளாம்ப் இறுக்கியதும் நான் துணியை எடுத்தேன். கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, தன் சுட்டுவிரலை மூட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓட்டினார். பசை முத்து முத்தாக வெளியே வந்திருந்தது. ஒரு இடத்தில் விரல் நின்றது. "இதில வெளிய வரல்ல. வெளிய வராத இடத்தில உள்ளயும் இல்ல மகன்." கிளாம்பைக் கழற்றி, திரும்பவும் தடவித்தான் இறுக்கினார்.

அண்ணன் சொன்ன பெட்டிக்கு ஸ்குரூவே தேவையில்லை என்பேன். பசை சரியாகப் பிடித்தால் பலகைதான் உடையும், மூட்டு விடாது.

வாழைச்சேனை:
தம்பி, அப்படி ஒரேயடியாகச் சொல்ல வேண்டாம். நீளக் கிளாம்ப் ஆறேழு வைத்திருக்கிறவர் எத்தனை பேர்? பசை காயும் வரை பலகையை அமத்திப் பிடிக்க எங்களுக்கு ஸ்குரூதான் கிளாம்ப். குற்றம் ஏற்றுகிற விதத்தில் இருக்கிறது. என் முன்னாலேயே ஒருவர் துளை போடாமல் எம்.டி.எஃப். விளிம்புக்குள் நேரே ஏற்றினார். "டக்" என்றது. விளிம்பு இரண்டு பக்கமும் உப்பி, நடுவில் ஏடு பிரிந்து நின்றது. உப்பிய பலகை மற்றதோடு ஒட்டி உட்காராது, எந்தப் பசை போட்டாலும்.

இனிச் செய்கிறவர்கள் கவனியுங்கள். 4 மில்லி ஸ்குரூவுக்கு 3 மில்லி துளை, அது இறங்குகிற ஆழம் முழுக்க. மேல் பலகையில் ஸ்குரூ தாராளமாக நுழைகிற துளை வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு பலகையையும் நெருக்காமல் இடைவெளியோடு பிடித்துக்கொள்ளும். மூலை முனையிலிருந்து இரண்டு இஞ்சியாவது தள்ளிப் போடுங்கள். பசை ஈரமாக இருக்கும்போதே மூலைக்கு மூலை அளவு டேப் பிடியுங்கள், இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால்தான் பெட்டி கோணாது. அப்புறம் ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விடுங்கள். உள் மூலைகளில் முக்கால் இஞ்சி ரீப்பை (மெல்லிய மரச் சட்டம்) ஒட்டினால் பசை பிடிக்கிற பரப்பு கூடும். அந்தச் சட்டம் பிடிக்கிற இடத்தை உள் கொள்ளளவில் கழிக்க மறக்க வேண்டாம். ரவுட்டர் (மரத்தில் பள்ளம் வெட்டும் மெஷின்) இருந்தால் ஒரு பலகையில் பாதித் தடிப்புக்குப் படி வெட்டி மற்றதை அதற்குள் உட்காரவையுங்கள். அதற்கு மிஞ்சியது இல்லை, காற்று வளைந்துதான் வெளியே வர வேண்டும். கடைசியாக உள் மூட்டு முழுக்கச் சிலிக்கன் ஓடவிடுங்கள். கார்த்திகை, மார்கழி மழைக்கு எங்கள் பக்கம் எம்.டி.எஃப். என்ன பாடுபடும் என்று தெரியும்தானே. வெட்டிய விளிம்பு, போர்ட் வாய், வயர் துளை எல்லாவற்றுக்கும் பெயின்ட் ஏற்றாமல் பெட்டியை வெளியே எடுக்காதீர்கள்.

அக்கரைப்பற்று:
வாழைச்சேனைக் காக்கா, மற்றதெல்லாம் சரி, சிலிக்கன் விசயத்தில் நான் ஒத்துவரமாட்டேன். வினாகிரி வாசம் வருகிற சாதாரண சிலிக்கனைப் போட்டு, காயுமுன் ஸ்பீக்கரை மாட்டி மூடிய பெட்டி ஒன்றைத் திறந்தேன். புளிப்பு வாசம் முகத்தில் அடித்தது. டெர்மினலிலும் வயர் நுனியிலும் பச்சை பூத்திருந்தது. அது காயும்போது அசற்றிக் அமிலம் விடும், செம்பை அரிக்கும். அந்த அமிலம் விடாத நியூட்ரல் வகையைக் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் மரப் பசையையே உள் மூலையில் கனமாக ஓடவிட்டால் போதும்.

கல்லடி:
நான் மரைன் பிளைவூட் மட்டும்தான். லொறியிலிருந்து என் இரட்டை 18 (18 இஞ்சி ஸ்பீக்கர் இரண்டு போட்ட பெட்டி) ஒன்று தார் ரோட்டில் விழுந்தது. மூலை நசுங்கியது, மூட்டு விடவில்லை. படி வெட்டி ஒட்டியது.

ஆரையம்பதி:
எல்லோருக்கும் நன்றி. பழைய பசைக்கு மேல் புதுப் பசை பிடிக்காது. அதனால் விளிம்பைப் புது முகம் தெரியும் வரை சீவி, கல்லடி அண்ணன் சொன்ன மாதிரி படி வெட்டத்தான் போகிறேன். சாய்ந்தமருதுத் தம்பியின் வாப்பா செய்தபடி பசை இரண்டு தரம். வெளியே துடைக்குமுன் விரலும் ஓட்டிப் பார்ப்பேன். பொக்ஸ்காரர் பாண்டிருப்புத் தீமிதிக்குக் கேட்டிருக்கிறார். அண்ணன், உங்கள் இரட்டை 18க்குள் குறுக்குச் சட்டம் எந்த உயரத்தில் கொடுத்திருக்கிறீர்கள்? இந்தப் பெட்டியின் பக்கப் பலகையில் கை வைத்தால் அதிர்கிறது, திறந்த கையோடு அதையும் பார்த்துவிடலாம்.