தோட்டப்பாளையத்தில் அறை, சாப்பாட்டுக்கு என்ன வழி?

குழு: ஆரணி வீட்டுச் சொந்தங்கள்

ஓசூர் சித்தப்பா: எல்லோருக்கும் வணக்கம். சித்திக்குக் கதிர் சிகிச்சைக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். வரும் திங்கட்கிழமை ஆரம்பம். வாரத்துக்கு ஐந்து நாள், சனி ஞாயிறு கிடையாது. ஐந்தாறு வாரம் ஆகும். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை பக்கத்திலேயே தோட்டப்பாளையத்தில் கீழ்த்தளத்தில் ஒரு அறை பார்த்து முன்பணம் கட்டிவிட்டேன்.

ஓசூர் சித்தப்பா: ஒரு விஷயம் கேட்க வேண்டும். லாட்ஜில் ஒரு நாளைக்கு 50 ரூபாய் கூடக் கொடுத்தால் அடுப்பு, குக்கர், நாலு பாத்திரம் தருவார்கள். கேஸ் நாம் வாங்கிக்கொள்ள வேண்டும். சமைக்கலாமா, வெளியே சாப்பிட்டுக்கொள்ளலாமா? வாடகை, மருந்து எல்லாம் போகக் கையில் இருப்பதைப் பார்த்துத்தான் செலவு செய்ய வேண்டும்.

குடியாத்தம் பெரியம்மா: தம்பி, வெளியில் வேண்டவே வேண்டாம். ஒரு நாள் இரண்டு நாள் என்றால் பரவாயில்லை. மாதக்கணக்கில் ஓட்டல் சாப்பாடு அவள் உடம்புக்கு ஆகாது.

சுமதி (சத்துவாச்சாரி): சித்தப்பா, நம் வீடு இருக்கும்போது எதற்கு அறை எடுத்தீர்கள்?

ஓசூர் சித்தப்பா: உன் வீடு மாடியில் இருக்கிறதே அம்மா. அவளுக்கு முட்டி வலி. தினமும் ஏறி இறங்க முடியாது. சிகிச்சை முடிந்து வரும்போது சோர்ந்துவிடுவாள், பத்து நிமிடத்தில் படுக்க வேண்டும். அதனால்தான்.

கார்த்தி: அக்கா, நானும் அதைத்தான் சொன்னேன். நான் சனி ஞாயிறு வருவேன். மற்ற நாளில் ஓசூரிலிருந்தே போனில் ஆர்டர் போட்டு விடலாம் என்று பார்த்தேன். அந்தத் தெருவிலேயே ஒரு மெஸ்ஸில் அளவு சாப்பாடு கவுண்டரில் 110. அதே சாப்பாடு செயலியில் 135. பேக்கிங் 10, டெலிவரி 30, பிளாட்பார்ம் கட்டணம், வரி எல்லாம் சேர்ந்து 195 காட்டுகிறது. நூறு அடி தூரத்துக்கு 85 ரூபாய் அதிகம்.

குடியாத்தம் பெரியம்மா: அடப்பாவமே.

ராணிப்பேட்டை மாமா: செயலி வேண்டாம் கார்த்தி. மச்சான், வெளியே சாப்பிட்டால் இரண்டு பேருக்கு எவ்வளவு ஆகும் என்று முதலில் பாருங்கள். காலை இட்லி, வடை 100. மதியம் இரண்டு சாப்பாடு 220. இரவு டிபன் 120. டீ, பால் 60. ஆக ஒரு நாளைக்கு 500. மாதம் 15,000.

ஓசூர் சித்தப்பா: சமைத்தால் மாமா?

ராணிப்பேட்டை மாமா: அரிசி கால் கிலோ 15. மாவு பாக்கெட் 50, அதில் காலையும் இரவும் ஓடிவிடும். பருப்பு 11. காய், தக்காளி, வெங்காயம் 35. எண்ணெய், புளி, மிளகாய்த்தூள் 15. ஆவின் பச்சைப் பாக்கெட் இரண்டு 44. முட்டை இரண்டு 14. ஐந்து கிலோ சின்ன சிலிண்டர் அடையாள அட்டை காட்டினால் கிடைக்கும், ஆனால் வீட்டு சிலிண்டர் விலைக்கு வராது, ஒரு நாளைக்கு 25 வையுங்கள். லாட்ஜுக்கு 50. எல்லாம் சேர்த்து 260. பாதிச் செலவு.

குடியாத்தம் பெரியம்மா: பார்த்தீர்களா. நான் சொன்னேனே.

ராணிப்பேட்டை மாமா: முழுக்கச் சொல்லிவிடுகிறேன் அண்ணி. கேண்டீனுக்குச் சரக்கு வாங்கும் வேலையில் இருந்து தெரிந்துகொண்டது இது. 110 ரூபாய் சாப்பாட்டில் அரிசி, பருப்பு, காய், எண்ணெய் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வரும். மீதி மாஸ்டர் சம்பளம், பரிமாறுகிறவர், பாத்திரம் தேய்க்கிறவர், கடை வாடகை, கடைக்கு வாங்கும் 19 கிலோ சிலிண்டர், மிஞ்சிப்போய்க் கொட்டுகிற சாதம். வீட்டில் அத்தனை வேலையையும் ஒருத்தர் சம்பளம் இல்லாமல் செய்கிறார். அந்த ஒருத்தர் இங்கே யார்? நோயாளியா, காலையிலிருந்து வரிசையில் உட்கார்ந்திருக்கிற மச்சானா? அதைச் சொல்லாமல் 260 என்று நான் போட்ட கணக்குக்கு அர்த்தமில்லை.

ஓசூர் சித்தப்பா: எனக்குச் சாதம் வடிக்கத் தெரியும். ரசம் வைப்பேன். அதற்கு மேல் வராது.

கார்த்தி: அம்மா அடுப்பு முன்னால் நிற்கவே கூடாது. சொன்னாலும் கேட்க மாட்டார், அப்பா வெங்காயம் நறுக்குவதைப் பார்த்தால் எழுந்து வந்துவிடுவார்.

குடியாத்தம் பெரியம்மா: நான் வந்து ஒரு பத்து நாள் இருக்கிறேன். சமையலை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஓசூர் சித்தப்பா: அண்ணி, உங்களுக்கே சர்க்கரை, பிரஷர். ஒரே அறையில் மூன்று பேர் படுக்கவும் இடம் இல்லை.

சுமதி (சத்துவாச்சாரி): கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், எல்லோரும் பொறுமையாகப் படியுங்கள்.

சுமதி (சத்துவாச்சாரி): மாமா சொன்ன 260, புதிதாக ஓர் அடுப்பு ஏற்றினால் ஆகிற செலவு. இங்கே என் வீட்டில் நாலு பேருக்கு அடுப்பு தினமும் எரிந்துகொண்டுதான் இருக்கிறது. அந்தக் குக்கரில் கூட ஒன்றரை டம்ளர் அரிசி போட்டால் கேஸ் இரண்டு மூன்று ரூபாய் கூடும், அவ்வளவுதான். அரிசி 15, பருப்பு 8, காய் 15, எண்ணெய் மசாலா 6, தயிர் 10. மதியச் சாப்பாடு இரண்டு பேருக்கு 60 ரூபாய்க்குள் முடிந்துவிடும். வெளியே 220.

சுமதி (சத்துவாச்சாரி): இட்லியும் அப்படித்தான். நான் ஒரு கிலோ இட்லி அரிசிக்குக் கால் கிலோ உளுந்து போடுகிறேன். அரிசி 50, உளுந்து 35. சுமார் 60 இட்லி வரும். ஒரு இட்லி ஒன்றரை ரூபாய்கூட முழுதாக இல்லை. பாக்கெட் மாவில் இட்லி இரண்டரை ரூபாய், கடையில் 12, 15. அதோடு அறையில் ஃபிரிட்ஜ் கிடையாது. வேலூர் கத்திரி வெயிலில் காலையில் பிரித்த மாவு சாயங்காலமே பொங்கிப் புளித்துவிடும். பாலும் அப்படியே. புளித்ததைக் கொட்டினால் அந்தச் செலவையும் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

ராணிப்பேட்டை மாமா: சரியாகச் சொன்னாய் சுமதி. இரண்டு பேர் சமையலில் வீணாவதுதான் பெரிய செலவு.

ஓசூர் சித்தப்பா: நீ தினமும் தூக்கிக்கொண்டு வருவதாவது? உனக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். வேண்டாம் அம்மா.

சுமதி (சத்துவாச்சாரி): சித்தப்பா, சத்துவாச்சாரியிலிருந்து டவுன் பஸ். அரசு சாதாரண பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமே கிடையாது. பிள்ளைகளுக்கு இப்போது லீவு, எப்படியும் மதியம் சமைக்கத்தான் வேண்டும். ஜூனில் பள்ளி திறந்தால் காலையிலேயே சமைத்துவிடுவேன், அது இன்னும் வசதி. அவருக்கு வேலை அந்தப் பக்கம் இருக்கிற நாளில் அவரே வண்டியில் கொடுத்துவிடுவார்.

ஓசூர் சித்தப்பா: சும்மா சாப்பிட எனக்கு மனசு வராது. இரண்டு மூன்று நாள் என்றால் சரி. இது மாதக்கணக்கு.

குடியாத்தம் பெரியம்மா: தம்பி, அவள் பத்தாவது படிக்கும்போது ஓசூரில் உங்கள் வீட்டில்தான் இருந்தாள். அப்போது யார் கணக்குப் பார்த்தார்கள்?

சுமதி (சத்துவாச்சாரி): பெரியம்மா, அது வேறு. சித்தப்பாவுக்கு மனசு உறுத்தக் கூடாது. சித்தப்பா, பணம் வாங்க மாட்டேன். சரக்காக வாங்கிக்கொள்கிறேன். மாதம் ஒரு 10 கிலோ அரிசி, இரண்டு கிலோ துவரம்பருப்பு, இரண்டு லிட்டர் எண்ணெய் நீங்கள் எடுத்துக் கொடுங்கள். சிகிச்சை இல்லாத சனிக்கிழமை நேதாஜி மார்க்கெட்டில் வாரத்துக்கான காய் வாங்கிக் கார்த்தியிடம் கொடுத்து அனுப்புங்கள். உங்களைப்போல் பார்த்து வாங்க எங்கள் வீட்டில் ஆள் இல்லை.

ஓசூர் சித்தப்பா: அப்படியென்றால் சரி. யோசிக்கிறேன்.

கார்த்தி: அப்பா, யோசிக்க ஒன்றும் இல்லை.

கார்த்தி: அக்கா, டயட்டீஷியன் சொன்னதையும் போட்டுவிடுகிறேன். காரம், புளி குறைக்க வேண்டும். முட்டை, பருப்பு, தயிர் தினமும் இருக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி சாப்பிட வேண்டும். எடை குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சுமதி (சத்துவாச்சாரி): அதுதான் முக்கியம். போன தடவை பரிசோதனைக்கு வந்தபோது மெஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். குழம்பு இலையில் விழுந்ததுமே எண்ணெய் தனியாக ஓடியது. சித்தி விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தார்கள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மோரை ஊற்றி நாலு வாய் சாப்பிட்டுவிட்டு இலையை மடித்தார்கள். 110 ரூபாய் கொடுத்து நாலு வாய். காரம் போடாமல் தனியாகச் செய்து கொடுங்கள் என்று எந்தக் கடையில் கேட்க முடியும்? வீட்டில் தாளிக்கும் முன்பே ஒரு கிண்ணம் பருப்பை எடுத்து வைத்துவிட்டால் முடிந்தது.

சித்தி: சுமதி, சித்தப்பா போனை வாங்கி எழுதுகிறேன். எனக்குப் பருப்பு, குழைந்த சாதம், கொஞ்சம் நெய் போதும். காலையில் நீ இட்லி எடுத்துக்கொண்டு ஓடி வராதே. அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

சுமதி (சத்துவாச்சாரி): சரி சித்தி. காலைக்கு இட்லியை முதல் நாள் கேரியரோடு தர மாட்டேன், காய்ந்துவிடும். காலை மட்டும் வெளியே வாங்கிக்கொள்ளுங்கள். உங்களுக்கு இட்லி பக்கத்துக் கடையில், சட்னி வேண்டாம், சர்க்கரையோ நெய்யோ தொட்டுக்கொள்ளுங்கள்.

ராணிப்பேட்டை மாமா: மச்சான் தனியாக இருக்கும் நேரத்தில் மாநகராட்சி அம்மா உணவகத்திலும் சாப்பிடலாம். இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து, தயிர் சாதம் மூன்று. எந்த வீட்டு அடுப்பும் அந்த விலைக்குச் செய்ய முடியாது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பல நாள் அங்கேதான் சாப்பிட்டேன்.

ஓசூர் சித்தப்பா: எனக்கு அது போதும் மாமா.

ராணிப்பேட்டை மாமா: வடை ஆசை வந்தாலும் கடையில்தான். நாலு வடைக்கு உளுந்து ஊறவைத்து, ஆட்டி, கால் லிட்டர் எண்ணெய் காய்ச்சினால் வீட்டு வடைதான் விலை அதிகம். ஆம்பூர் பிரியாணியும் அப்படியே. இரண்டு பேருக்காகச் சீரக சம்பாவும் கறியும் வாங்கி வீட்டில் செய்தால் கடையை விடப் பெரிதாக மிச்சம் இருக்காது. சித்திக்குச் சிகிச்சை முடியட்டும், நானே வாங்கிக்கொண்டு வருகிறேன்.

குடியாத்தம் பெரியம்மா: நான் என்ன செய்ய? எனக்கும் ஏதாவது சொல்லுங்கள்.

சுமதி (சத்துவாச்சாரி): பெரியம்மா, உங்கள் பருப்புப்பொடி. மிளகாய் போடாமல், மிளகும் கொஞ்சமாக. சித்தி சோறு வேண்டாம் என்கிற நாளில் அதுதான் கைகொடுக்கும்.

குடியாத்தம் பெரியம்மா: நாளைக்கே வறுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை இலவம்பாடி முள்ளுக்கத்தரியும் கொண்டு வருகிறேன். 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து சந்தையில் எல்லாக் கத்தரிக்காயையும் இலவம்பாடி என்றே விற்கிறார்கள். நான் காம்பில் முள் பார்த்துத்தான் எடுப்பேன். காரம் போடாமல் எண்ணெயில் வதக்கிக் கொடு, அவளுக்குப் பிடிக்கும்.

கார்த்தி: அப்பா, லாட்ஜில் அந்த 50 ரூபாய் பாத்திரம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பால் காய்ச்ச மட்டும் ஒரு மின்சாரக் கெட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள்.

ஓசூர் சித்தப்பா: கேட்டுவிட்டேன். கெட்டில் வைக்கலாமாம், இண்டக்ஷன் அடுப்பு கூடாதாம்.

சுமதி (சத்துவாச்சாரி): கெட்டிலில் பால் ஊற்றாதீர்கள், அடிப்பிடித்துவிடும். வெந்நீர் மட்டும். பாலை நான் மதியம் ஃபிளாஸ்க்கில் தருகிறேன், இரவுக்கு டீக்கடையில் சர்க்கரை இல்லாத பால் வாங்கிக்கொள்ளுங்கள்.

ராணிப்பேட்டை மாமா: கடைசியாக எவ்வளவு வருகிறது? மச்சான் அம்மா உணவகத்துக்கும் போவதால் காலை, இரவு டிபன், பால் எல்லாம் வெளியே 200 போதும். மதியத்துக்குச் சரக்காக 60. அதே 260தான். ஆனால் யாரும் அடுப்பு முன்னால் நிற்க வேண்டாம், அவளுக்கு ஒரு வேளையாவது வீட்டுச் சோறு.

சுமதி (சத்துவாச்சாரி): மதியம் கொஞ்சம் கூடவே வைக்கிறேன் மாமா, சித்தி சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு தடவை சாப்பிடலாம். சித்தப்பா, திங்கட்கிழமை எத்தனை மணிக்குக் கூப்பிடுவார்கள்?

ஓசூர் சித்தப்பா: 11 மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். முடிய ஒன்று ஆகலாம்.

சுமதி (சத்துவாச்சாரி): சரி. ஒன்றேகாலுக்கு அறை வாசலில் இருப்பேன். கார்த்தி, மூன்றடுக்கு கேரியர் ஓசூரில் உங்கள் வீட்டுப் பரணில் இருக்கும், பழைய எவர்சில்வர். வரும்போது எடுத்து வா. என்னிடம் இருப்பதில் மூடி சரியாக நிற்காது.

கார்த்தி: எடுத்துவிட்டேன் அக்கா. ஒரு கொக்கி தளர்ந்திருக்கிறது, இன்று மாலை சரி செய்துவிடுகிறேன்.