‘செடென்டரி டைம்’: செயலற்ற நேரமா, அமர்நிலை நேரமா?

அண்ணாச்சி, வணக்கம்.

முதியோர் உடம்பில் உணரியைக் கட்டி அளக்கும் ‘செடென்டரி டைம்’ (sedentary time) என்பதற்கு, நம் குழுவின் கலைச்சொல் பட்டியலில் ‘செயலற்ற நேரம்’ என்று எழுதியிருந்தீர்கள். நெல்லை, தென்காசி வட்டாரத்தில் முக்கூடல், ஆலங்குளம் பக்கம் இந்தச் சொல் செல்லாது. அங்கே அறுபதைத் தாண்டிய ஆச்சிமார் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றுகிறார்கள். இலை வெட்டி, தூள் வைத்து, சுருட்டி, நூல் கட்டி, விரல் ஓய்வதே இல்லை. அவர்களிடம் போய் ‘உங்களுக்குச் செயலற்ற நேரம் அதிகம்’ என்று அறிக்கை நீட்டுவது உழைப்பை அவமதிப்பது. அறிவியலுக்கும் அது பொருந்தாது.

2017-இல் வந்த பன்னாட்டு வரையறைப்படி, விழித்திருக்கையில் உட்கார்ந்தோ சாய்ந்தோ படுத்தோ, 1.5 மெட் (சும்மா உட்கார்ந்திருக்கையில் ஆகும் ஆற்றல் செலவே ஒரு மெட்) அல்லது அதற்கும் குறைந்த ஆற்றல் செலவில் இருப்பதுதான் இது. தூக்கம் சேராது, சும்மா நிற்பதும் சேராது. உடம்பு எந்த நிலையில் இருக்கிறது என்பதே முதல் கேள்வி.

கருவியிலும் இதே சிக்கல். இடுப்பில் கட்டும் முடுக்கமானியில் (அசைவை அளந்து எண்ணாகத் தரும் உணரி) நிமிடத்துக்கு 100 அசைவு எண்ணிக்கைக்குக் கீழே போனால் ‘செடென்டரி’ என்று கொள்வது வெகுநாள் வழக்கம். ரேஷன் கடை வரிசையில் அசையாமல் நிற்பவரும் அதில் உட்கார்ந்தவராகிவிடுவார். மணிக்கட்டில் கட்டினாலோ, பீடி சுற்றும் ஆச்சி நடமாடுவதுபோலத் தெரியலாம். தொடையில் ஒட்டும் உணரி புவியீர்ப்பின் திசையை வைத்துத் தொடையின் சாய்வைப் பார்க்கிறது. உட்கார்ந்ததையும் நின்றதையும் பிரிக்க அதுவே நம்பகமானது.

ஆகவே ‘அமர்நிலை நேரம்’ என்போம். எழாமல் நீளும் ஒவ்வொரு பகுதியும் ‘அமர்நிலைத் தொடர்’. இடையில் எழுந்திருப்பதற்கு ‘முறிவு’ என்று குழுவில் ஒரு முன்மொழிவு வந்தது. வயதானவர்களிடம் முறிவு என்றால் இடுப்பெலும்பைத்தான் நினைப்பார்கள். ‘எழுகை’ போதும்.

*

தம்பி, ஒத்துக்கொள்கிறேன். படுத்திருப்பதையும் சேர்க்க வேண்டுமே என்று ‘கிடை’யை யோசித்துப் பார்த்தேன். நம்ம பக்கம் ‘கெடையா கெடக்காக’ என்றால் நோயில் விழுந்தவர், அது வேண்டாம். ‘அமர்’ என்பதற்குத் தங்குதல், அடங்குதல் என்ற பொருளும் இருப்பதால் படுக்கைக்கும் இடம் கொடுக்கும்.

கருவி உடம்பில் இல்லாத நேரத்தைக் ‘கழற்றுநேரம்’ என்று தனியே குறியுங்கள். முதியவர் அசையாமல் வெகுநேரம் இருந்தால் கருவியைக் கழற்றிவிட்டார் என்று கணக்கு பிசகும். அதனால்தான் 60 நிமிடத்துக்குப் பதில் 90 நிமிடம் தொடர்ந்து பூச்சியம் விழுந்தால்தான் கழற்றியதாகப் பலர் கொள்கிறார்கள். பட்டியலில் இந்த விளக்கமும் வரட்டும்.