மழை ஓட்டத்தில் வைப்பர் நடுக்கண்ணாடியில் நின்றுவிடுகிறது. தகுதிச் சான்றிதழும் கிடைக்கவில்லை

கேள்வி: மீன் லொறி உரிமையாளர், வாழைச்சேனை

வணக்கம். வாழைச்சேனைத் துறைமுகத்தில் மீன் ஏற்றிக்கொண்டு பொலன்னறுவை வழியாகத் தம்புள்ளைக்கும் சில நாட்களில் கொழும்புக்கும் ஓடுகின்ற, ஜப்பானில் செய்யப்பட்ட 24 வோல்ட் பழைய லொறி ஒன்று என்னிடம் உள்ளது. அதன் வைப்பரில் மூன்று குறைகள் தெரிகின்றன. முதலாவது, மெதுவான ஓட்டத்துக்கும் வேகமான ஓட்டத்துக்கும் இடையில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டாவது, நல்ல மழையில் கொஞ்ச நேரம் ஓடியபின் கைகள் சோர்ந்து சோர்ந்து நடுக்கண்ணாடியில் நின்றுவிடுகின்றன. சுவிட்சை அணைத்துவிட்டுச் சற்று நேரம் பொறுத்துப் போட்டால் எதுவும் நடவாததுபோல மறுபடியும் ஓடுகின்றன. மூன்றாவது, சுவிட்சை அணைத்தால் கைகள் கீழே போய்ப் படுக்காமல், அந்தக் கணத்தில் எங்கே இருந்தனவோ அங்கேயே நிற்கின்றன. பியூஸ் ஒருநாளும் எரிந்ததில்லை.

புனானைக்கும் வெலிக்கந்தைக்கும் இடையில் இரவில் மழை பிடித்தால், யானை கடக்கும் வீதி என்பதனால், ஓரமாக நிறுத்தி வைப்பர் ஆறும்வரை காத்திருக்கவும் முடிவதில்லை. இப்போது தகுதிச் சான்றிதழுக்குக் கொண்டுபோன இடத்தில் வைப்பர் முறையாக இயங்கவில்லை என்று எழுதித் திருப்பிவிட்டார்கள். அந்தச் சான்றிதழ் இல்லாமல் பிரதேச செயலகத்தில் வருமான அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க இயலாது. மோட்டாரை மாற்றுவதுதான் வழி என்று இங்குள்ள கராச்சில் சொல்கிறார்கள். வாங்குவதற்கு முன் எதையெதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி: லொறி உரிமையாளர், ஓட்டமாவடி

இதே நிலை எனக்கும் வந்தது. பாவித்த மோட்டார் ஒன்று வாங்கிப் பூட்டினேன், சரியாகிவிட்டது. வாங்கும்போது 24 வோல்ட் மோட்டார்தானா என்று மட்டும் கவனமாகப் பாருங்கள். வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும் 12 வோல்ட் மோட்டாரைப் பூட்டினால் வைப்பர் பேய்வேகத்தில் அடித்து, விரைவில் மோட்டார் கருகிவிடும்.

மறுமொழி: வயரிங் பாஸ், ஏறாவூர்

தம்பி, மோட்டார் வாங்கக் காசை எடுக்க வேண்டாம், முதலில் இதை வாசியுங்கள். நீங்கள் சொன்ன மூன்று குறைகளையும் ஒரே குறையாக எண்ணிக்கொள்வதுதான் கராச்சில் மோட்டாரை மாற்றச் சொல்வதற்குக் காரணம். முதல் இரண்டும் ஒரு குடும்பம், மூன்றாவது தனி.

மழையினால் வைப்பர் நிற்கவில்லை. ஈரக் கண்ணாடியில் இறப்பர் வழுக்கிக்கொண்டு போகுமாகையால், மழை நேரத்தில் மோட்டாருக்குச் சுமை உண்மையில் குறைவு. மழை செய்வதெல்லாம், வைப்பரை நீண்ட நேரம் தொடர்ந்து ஓட வைப்பதுதான். அளவுக்கு மீறிய மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டு மோட்டார் நீண்ட நேரம் ஓடினால் அது சூடாகும். பல மோட்டார்களுக்குள் சூட்டில் வளைந்து மின்னைத் துண்டித்து, ஆறியதும் தானே மீண்டும் இணைக்கும் ஒரு சிறு உலோகத் தகடு வைத்திருப்பார்கள். பொறுத்துப் போட்டால் ஓடுகிறது என்று நீங்கள் சொல்வதும், பியூஸ் எரியாமல் இருப்பதும் அதோடு பொருந்துகின்றன. ஆகவே மோட்டார் ஏன் இவ்வளவு பாடுபடுகிறது என்பதுதான் கேள்வி. மோட்டாரை மாற்றினால் புதிய மோட்டாரும் அதே பாட்டைத்தான் படும். அதற்குத் தெம்பு இருக்கும்வரை குறை மறைந்திருக்கும், அவ்வளவுதான். ஓட்டமாவடி நண்பருக்கு உண்மையிலேயே மோட்டார்தான் பழுதாக இருந்திருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை.

முதலில் கையால் பாருங்கள். பெட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட்டு, மோட்டாரின் சுழல்கை எந்தத் திசையில் பூட்டப்பட்டிருக்கிறது என்று அடையாளம் கீறிக்கொண்டு, அதன் நட்டைக் கழற்றி, மோட்டாரையும் வைப்பர் கைகளையும் இணைக்கும் ரொட்டுகளை மோட்டாரிலிருந்து பிரித்துவிடுங்கள். பெட்டரியைக் கழற்றாமல் அதற்குள் கை வைக்க வேண்டாம். யாராவது தெரியாமல் சுவிட்சைத் தட்டினால் விரல் போய்விடும். பிரித்தபின், வைப்பர் கைகளைக் கண்ணாடியிலிருந்து தூக்கி நிறுத்திக்கொண்டு, ரொட்டுகளை ஒரு கையால் அங்குமிங்கும் தள்ளிப் பாருங்கள். 1903இல் அமெரிக்காவில் மேரி அண்டர்சன் என்ற பெண் காப்புரிமை பெற்ற வைப்பர், உள்ளே இருப்பவர் நெம்புகோலால் இயக்கியது. இன்றைய ரொட் தொகுதியும் கையால் இயக்கக்கூடிய அளவுக்கு இலகுவாக இருக்க வேண்டும். அது முரண்டு பிடித்தால், கைகளைத் தாங்கும் தண்டுகள் இறுகியிருக்கின்றன என்று பொருள். தண்டு இரும்பு, அதைச் சுற்றியுள்ள கூடு அலுமினியம். உப்புக்காற்றும் மீன்பெட்டியிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீரும் உள்ள லொறியில் அலுமினியம் வெள்ளை மாவாகப் பூத்துத் தண்டை நெரித்துவிடும். துரு இளக்கும் எண்ணெய் விட்டால் கொஞ்சக் காலம் ஓடும், மறுபடி இறுகும். தண்டின் தலையிலுள்ள லொக் வளையத்தைக் கழற்றித் தண்டை உருவி எடுத்து, நைசான அரத்தாளால் தேய்த்து, கூட்டின் உட்புறத்தையும் துடைத்து, புதிய கிறீஸ் பூசிப் பூட்டுவதுதான் வேலை.

அடுத்தது மின். ரொட்டுகளைப் பழையபடி பூட்டி, கண்ணாடியை நனைத்து, எஞ்சினை ஓடவிட்டு, வைப்பர் வேகமாக ஓடும்போது மல்டிமீற்றரால் மூன்று அளவுகளை எடுங்கள்: பெட்டரியின் இரு முனைகளுக்கு இடையில், மோட்டாருக்கு மின் வரும் வயருக்கும் மோட்டாரின் உடலுக்கும் இடையில், மோட்டாரின் உடலுக்கும் பெட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையில். வைப்பர் நிற்கும்போது அளந்து பயனில்லை. மின் ஓடினால்தான் இழப்புத் தெரியும்.

மூன்றாவது குறைக்கு வேறு சோதனை. சுவிட்சை அணைத்த பிறகும் கைகள் கீழே போகும்வரை மோட்டாருக்கு மின் கொடுப்பதற்குத் தனியான ஒரு வயர் உண்டு. மோட்டாரின் பல்சக்கர மூடிக்குள் இருக்கும் தகடு, கைகள் படுக்கும் இடம் வந்ததும் அந்த மின்னை வெட்டும். சாவியைப் போட்டு, வைப்பர் சுவிட்சை அணைத்து வைத்துக்கொண்டு, மோட்டாரின் பிளக்கில் எந்த வயரிலாவது 24 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் வயரிலோ இணைப்பிலோ துண்டிப்பு. வந்தால் மூடிக்குள், தகட்டின்மேல் உரசும் தொடுமுனையில்தான் குறை. இன்னொன்று: வைப்பர் ஓடும்போது சாவியையே மூடினால் கைகள் நடுவில் நிற்பது பல வாகனங்களில் இயல்பு. அது கோளாறு அல்ல.

மறுமொழி: லொறிச் சாரதி, கல்முனை

வயரிங் பாஸ் சொன்னவை சரி. பரிசோதனைப் பக்கத்தைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். நம்மில் பலர் புகைப் பரிசோதனையையும் தகுதிச் சான்றிதழையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். புகைப் பரிசோதனையில் வைப்பரைப் பற்றிக் கேட்பதில்லை. தகுதிச் சான்றிதழ் லொறி, பஸ் போன்றவற்றுக்கு உரியது. பிரேக், ஸ்டியரிங், டயர், விளக்கு, ஹோர்ன், கண்ணாடி எல்லாவற்றோடும் சேர்த்து வைப்பரையும் பார்ப்பார்கள். பார்ப்பவர் மோட்டாரின் உள்விவகாரத்தைப் பார்ப்பதில்லை. சாரதியின் முன்னால் உள்ள கண்ணாடி துடைபடுகிறதா, கைகள் தடையின்றி ஓடி உரிய இடத்தில் படுக்கின்றனவா என்பதைத்தான் பார்க்கிறார். நீங்கள் புதிய மோட்டாரைப் பூட்டிக்கொண்டு போனாலும், சாரதிப் பக்கத்து இறப்பர் கிழிந்து தண்ணீர்க் கோடு விழுந்தால் திரும்பி வர வேண்டியதுதான்.

மீண்டும் போவதற்கு முன், எழுதித் தந்த காரணத்தை ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். வைப்பரோடு வேறு ஏதாவது குறிப்பும் இருந்தால் அதையும் சேர்த்துச் செய்துகொண்டு போவது நல்லது. ஒரு நாள் ஓட்டத்தை விட்டுவிட்டுப் போய், ஒரு பல்புக்காகத் திரும்பி வருபவர்களை நான் கண்டிருக்கிறேன்.

கேட்டவர்

நானா, மிக்க நன்றி. சொன்ன ஒழுங்கிலேயே பார்த்தேன். ரொட்டுகளைப் பிரித்தபோது மோட்டார் தனியே எந்தச் சிரமமும் இல்லாமல் சுற்றியது. ஆனால் ரொட்டுகளைத் தள்ள இரண்டு கையும் வேண்டியிருந்தது. சாரதிப் பக்கத்துத் தண்டு மிக இறுக்கம். அதைக் கழற்றாமல் முதலில் அளவுகளை எடுத்தேன். பெட்டரியில் 27.4 வோல்ட், மோட்டாரில் 22.9 வோல்ட், மோட்டாரின் உடலுக்கும் நெகட்டிவுக்கும் இடையில் 3.6 வோல்ட். பிளக்கில், சுவிட்ச் அணைந்திருக்கும்போது ஒரு வயரில் 24 வோல்ட் வருகிறது.

தண்டுகள் இரண்டையும் உருவிச் சுத்தம் செய்து கிறீஸ் வைத்தபின் மறுபடி அளந்தால், உடலுக்கும் நெகட்டிவுக்கும் இடையில் 3.6 இருந்தது 1.9 ஆகக் குறைந்திருக்கிறது. மோட்டாரின் உடலிலிருந்து பெட்டரியின் நெகட்டிவுக்கு மின் திரும்பும் ஏர்த் வயரை நான் தொடவே இல்லை. தண்டைக் கழுவினால் ஏர்த் எப்படிச் சரியாகும்?

மறுமொழி: வயரிங் பாஸ், ஏறாவூர்

ஏர்த் சரியாகவில்லை, தம்பி. துருப்பிடித்த இணைப்பின் தடை அப்படியேதான் இருக்கிறது. அந்தத் தடையில் இழக்கப்படும் வோல்ட், அதனூடாக ஓடும் மின்னோட்டத்தின் அளவைப் பொறுத்தது. தண்டு இளகியதால் மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் ஏறத்தாழப் பாதியாகிவிட்டது, இழப்பும் பாதியாகிவிட்டது. இரண்டு குறைகளும் ஒன்றையொன்று வளர்த்துக்கொண்டிருந்தன: தண்டு இறுகியதால் மின்னோட்டம் கூடியது, மின்னோட்டம் கூடியதால் ஏர்த்தில் இழப்புக் கூடியது, வோல்ட் குறைந்ததால் மோட்டார் சோர்ந்து, இன்னும் மெதுவாகி, இன்னும் சூடானது.

1.9 வோல்ட்டும் அதிகம். அரை வோல்ட்டுக்குக் கீழே வர வேண்டும். மோட்டாரின் உடலைக் கெபினோடு சேர்க்கும் போல்ட்டுகளின் அடியில் பெயின்ட்டையும் துருவையும் சுரண்டி இறுக்குங்கள். பிறகு கெபினுக்கும் சேசிக்கும் இடையில் உள்ள பட்டை வயரைப் பாருங்கள். கெபின் இறப்பரின் மேல் இருப்பதால் அந்த வயர்தான் திரும்பும் வழி. மீன் லொறிகளில் அது பச்சைப் பூத்து நார்நாராகக் கிடப்பதை நான் அடிக்கடி காண்கிறேன். உங்கள் கணக்கில் பொசிட்டிவ் பக்கத்தில் இழப்பு 0.9 மட்டுமே, சுவிட்சையும் பியூஸ் காலையும் துடைத்தால் அது போதும்.

பிளக்கில் மின் வருவதால் மூன்றாவது குறை மூடிக்குள்தான் இருக்கிறது. மோட்டாரின் பல்சக்கர மூடியைத் திறந்து, காய்ந்து மெழுகாகிப்போன பழைய கிறீஸைத் துடைத்து, தகட்டையும் அதன்மேல் உரசும் தொடுமுனைகளையும் மினுங்கும்வரை சுத்தம் செய்யுங்கள். தொடுமுனையின் அழுத்தம் குறைந்திருந்தால் மெதுவாக, மிகச் சிறிதளவு வளைத்துக் கொடுக்கலாம். பூட்டியபின் மோட்டாரைத் தனியே ஓடவிட்டு அணைத்து, அது தானாக நின்ற இடத்தில்தான் சுழல்கையையும் வைப்பர் கைகளையும் பூட்ட வேண்டும். இல்லாவிட்டால் கைகள் கண்ணாடிச் சட்டத்தில் போய் அடிக்கும்.

மறுமொழி: பஸ் உரிமையாளர், அக்கரைப்பற்று

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். எங்கள் பஸ்ஸில் நிலைமை நேர்மாறாக இருக்கிறது. சுவிட்சை அணைத்தாலும் கைகள் கீழே வந்து நிற்காமல், கடந்து மறுபடி மேலே ஏறி, சில வேளை தொடர்ந்து ஓடிக்கொண்டே இருக்கின்றன. இதுவும் அந்தத் தகடுதானா?

மறுமொழி: வயரிங் பாஸ், ஏறாவூர்

அதே தகட்டின் மறுபக்கம். படுக்கும் இடம் வந்ததும் மின்னை வெட்டுவதோடு நில்லாமல், அந்தத் தகடு மோட்டாரின் வயரை ஏர்த்தோடு சேர்த்துவிடும். சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டார் அப்போது தானே மின் பிறப்பித்துத் தன்னையே பிடித்து நிறுத்திக்கொள்ளும். அந்த ஏர்த் தொடுமுனை பிடிக்காவிட்டால் பிரேக் இல்லாமல் வழுக்கிக் கடந்துவிடும். அங்கே மறுபடி மின் கிடைப்பதால் இன்னொரு சுற்றுப் போகும். உங்கள் பஸ்ஸில் வைப்பருக்கு மின்னை இணைத்து வெட்டும் ரிலே என்ற சிறு மின்சுவிட்ச் இருந்தால், அது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள், அது இலகுவான வேலை.

கேட்டவர்

கெபினுக்குக் கீழே இருந்த ஏர்த் பட்டை கையில் எடுத்ததும் உதிர்ந்தது. புதியது போட்டு, மூடிக்குள்ளும் சுத்தம் செய்தேன். இப்போது ஏர்த் இழப்பு 0.2, மோட்டாரில் 26.7 வோல்ட். இரண்டு வேகங்களும் தெளிவாக வேறுபடுகின்றன. அணைத்தால் கைகள் கீழே போய்ப் படுக்கின்றன. தொடர்ந்து தண்ணீர் அடித்து நீண்ட நேரம் ஓடவிட்டும் நிற்கவில்லை. பழைய மோட்டார்தான்.

இனிப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். புதிய பிளேட் போட்டிருக்கிறேன். ஆனால் மேலே போகும்போது சுத்தமாகத் துடைத்து, கீழே வரும்போது துள்ளித் துள்ளிக் கோடு விடுகிறது. இதற்காகத் திருப்பிவிடுவார்களா?

மறுமொழி: லொறிச் சாரதி, கல்முனை

சாரதியின் பார்வையில் கோடு விழுந்தால் திருப்ப இடமுண்டு, ஆகவே அதையும் தீர்த்துக்கொண்டே போங்கள். முதலில் கண்ணாடியைப் பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தால் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். மீன் எண்ணெயும் டீசல் புகையும் படிந்த கண்ணாடியில் எந்த இறப்பரும் துள்ளும். அப்போதும் ஒரு திசையில் மட்டும் துள்ளினால் கை முறுகியிருக்கிறது. இறப்பர் கண்ணாடிக்கு நேர்க்குத்தாக நின்றால்தான் திசை மாறும்போது மறுபக்கம் சாயும். ஒரு பக்கமாகவே சாய்ந்து நின்றால் ஒரு திசையில் இழுபடும், மறு திசையில் குத்துப்படும். பிளேட்டைக் கழற்றிவிட்டு, இரண்டு குறடுகளால் கையின் நுனியைப் பிடித்துச் சிறிது சிறிதாகத் திருப்பி நேராக்குங்கள். தண்ணீர் பீச்சும் பம்ப் வேலை செய்கிறதா என்று பார்த்து, போத்தலை நிரப்பிக்கொண்டு போங்கள்; அங்கே கண்ணாடியை நனைத்துத்தான் வைப்பரைப் போட்டுக் காட்ட வேண்டும்.