‘நாட்ட மாறிலி’யா, ‘அரைவேகச் செறிவா’?

அன்புடையீர், வணக்கம்.

நொதி வினைவேகவியல் சொற்பட்டியலில் நொதியின் வேகம் தளப்பொருளின் செறிவைச் சார்ந்திருப்பதைக் காட்டும் மைக்கேலிஸ் மாறிலிக்கு (Km) நேராக ‘நாட்ட மாறிலி’ என்னும் சொல் முன்மொழியப்பட்டிருப்பதைக் கண்டேன். ‘எலக்ட்ரான் நாட்டம்’ என்று வேதியியலில் வேரூன்றிவிட்ட சொல்லைப் பின்பற்றி அது ஆக்கப்பட்டிருக்கிறது. சொல்லவும் எளிதாக இருக்கிறது. ஆயினும் அது மாணவருக்குப் பிழையான கருத்தைப் புகட்டிவிடும் என்று அஞ்சுகிறேன். அதற்கு மாற்றாக ‘அரைவேகச் செறிவு’ என்பதை முன்வைக்கிறேன்.

ஆய்வகத்தில் நாம் உண்மையில் எதை அளக்கிறோம் என்பதிலிருந்து தொடங்குவது நல்லது. வரிசையாக வைத்த குழாய்கள் ஒவ்வொன்றிலும் ஒரே அளவு நொதியை இட்டு, தளப்பொருளின், அதாவது நொதி வினைப்படுத்தும் பொருளின், செறிவை மட்டும் படிப்படியாகக் கூட்டுகிறோம். தளப்பொருள் குறைவதற்கும், விளைபொருள் சேர்ந்து வினையைப் பின்னுக்கு இழுப்பதற்கும் முன்பாக, முதல் சில நிமிடங்களில் உண்டாகும் விளைபொருளைக் கொண்டு தொடக்க வேகத்தைக் கணிக்கிறோம். செறிவு குறைவாக உள்ள குழாய்களில் வேகம் செறிவுக்கு ஏற்ப நேராக ஏறுகிறது. செறிவு மிகும்போது நொதியின் வினைமையங்கள் ஏறக்குறைய எல்லாம் நிரம்பிவிடுவதால், மேலும் தளப்பொருளைச் சேர்த்தாலும் வேகம் அவ்வளவாகக் கூடுவதில்லை. வேகம் நெருங்கிச் செல்லும் அந்த எல்லையில் சரிபாதியைத் தரும் தளப்பொருள் செறிவே மைக்கேலிஸ் மாறிலி. அதன் அலகும் செறிவின் அலகுதான். ஆகவே ‘அரைவேகச் செறிவு’ என்ற பெயரே அதன் வரையறையாகவும் அமைந்துவிடுகிறது. ‘அரை ஆயுட்காலம்’ என்னும் தொடரை முன்பே படித்த மாணவர், ‘அரைவேகச் செறிவு’ என்றதும் அது எதைக் குறிக்கிறது என்று தாமே ஊகித்துக்கொள்வார்.

‘நாட்டம்’ என்றால் நொதி தளப்பொருளை எவ்வளவு இறுகப் பற்றுகிறது என்பது. அது ஏன் பொருந்தாது? முதல் இடர், எண் கூடினால் நாட்டம் குறைகிறது என்று தலைகீழாக விளங்கிக்கொள்ள வேண்டியிருப்பது. அதையாவது பழகிக்கொள்ளலாம், இரண்டாவது இடர் இதைவிடப் பெரியது. மைக்கேலிஸ் மாறிலி என்பது, நொதியிலிருந்து தளப்பொருள் பிரியும் வேக மாறிலியையும் அது விளைபொருளாக மாறும் வேக மாறிலியையும் கூட்டி, சேரும் வேக மாறிலியால் வகுத்து வருவது. ஒரு கற்பனை நொதியை எடுத்துக்கொள்வோம். சேரும் மாறிலி ஒரு மோலாருக்கு, ஒரு நொடிக்கு ஒரு கோடி. பிரியும் மாறிலி நொடிக்கு 100. விளைபொருளாக்கும் மாறிலி நொடிக்கு 900. பிணைப்பின் வலிமையைச் சொல்லும் பிரிகை மாறிலி 10 மைக்ரோமோலார். மைக்கேலிஸ் மாறிலியோ 100 மைக்ரோமோலார். இப்போது நொதியில் ஏற்பட்ட ஒரு சடுதிமாற்றத்தால் விளைபொருளாக்கும் படி மட்டும் தளர்ந்து, 900 என்பது 1 ஆகிவிட்டதாகக் கொள்வோம். பிணைப்பு இம்மியும் மாறவில்லை. மைக்கேலிஸ் மாறிலி ஏறத்தாழ 10 மைக்ரோமோலாராக இறங்கிவிடுகிறது.

இத்தகைய கணக்கு ஒன்றுக்கு, நான் திருத்திய விடைத்தாளில் ஒரு மாணவி, “சடுதிமாற்றத்தால் நொதிக்குத் தளப்பொருள்மீது நாட்டம் பத்து மடங்கு கூடியது” என்று அழகான கையெழுத்தில் எழுதி, அடிக்கோடும் இட்டிருந்தார். அவர் கணக்கில் பிழையே இல்லை. வகுப்பில் கற்பித்த சொல்தான் அவரை அந்த முடிவுக்கு இட்டுச்சென்றது. மதிப்பெண்ணைக் குறைக்க எனக்குக் கை வரவில்லை.

வரலாறும் இதையே காட்டுகிறது. 1903இல் விக்டர் ஹென்றி, தளப்பொருள் செறிவையும் வினைவேகத்தையும் இணைக்கும் இத்தகைய சமன்பாட்டை எழுதினார். 1913இல் லியோனோர் மைக்கேலிஸும் மாட் மென்டனும் சுக்ரோசைப் பிரிக்கும் இன்வர்டேசை எடுத்துக்கொண்டு, தொடக்க வேகங்களை அளந்து அதை நிலைநாட்டினர். பிணைப்பு விரைவில் சமநிலையை எட்டிவிடுகிறது என்று அவர்கள் கொண்டதால், அந்த மாறிலி அவர்களுக்குப் பிரிகை மாறிலியாகவே இருந்தது. 1925இல் பிரிக்ஸும் ஹால்டேனும் நொதியும் தளப்பொருளும் சேர்ந்த கூட்டின் அளவு ஏறத்தாழ மாறாமல் நிற்கிறது என்னும் ‘நிலைத்த நிலை’ கருதுகோளைக் கொண்டுவந்தபோது சமன்பாட்டின் வடிவம் அப்படியே நின்றது. மாறிலியின் உட்பொருள்தான் மாறியது. விளக்கம் மாறியபோதும் மாறாமல் நின்றது அளவீடு ஒன்றே என்பதால், கலைச்சொல்லையும் அளவீட்டின் மேல் கட்டுவதே உறுதியானது. ஆளின் பெயரால் வழங்கும் ‘மைக்கேலிஸ் மாறிலி’யை விலக்க வேண்டியதில்லை, ஆனால் அப்பெயரில் மென்டன் விடுபட்டுப்போனார் என்பதைப் பாடம் எழுதுவோர் ஒரு வரியாவது குறிப்பிட வேண்டும் என்பது என் விருப்பம்.

வேகம் நெருங்கிச் செல்லும் எல்லைக்கு இணைச்சொல்லாகப் பட்டியலில் உள்ள ‘உச்சத் திசைவேகம்’ என்பதையும் மாற்றியாக வேண்டும். வினைவேகத்துக்குத் திசை இல்லை. இயற்பியல் சொல்லை அப்படியே எடுத்துவைத்ததால் வந்த வினை இது. ‘உச்சம்’ என்பதும் பொருந்தவில்லை, ஏனெனில் வளைகோடு அந்த மதிப்பை நெருங்குமே அன்றி ஒருபோதும் தொடுவதில்லை. அரைவேகச் செறிவு 2 மில்லிமோலார் என்றால், 90 விழுக்காட்டு வேகத்துக்கு 18 மில்லிமோலாரும், 99 விழுக்காட்டுக்கு 198 மில்லிமோலாரும் தேவைப்படும். நூறு விழுக்காட்டுக்கு எந்தச் செறிவும் போதாது. ஆகவே ‘எல்லைவேகம்’ என்பேன். ‘தளப்பொருள்’, ஈழத்தில் வழங்கும் ‘கீழ்ப்படை’ இரண்டும் பயின்றுவிட்ட சொற்கள். அந்த வாதத்தை இங்கே மீண்டும் எழுப்பவில்லை.

புதுச்சொல்லைத் தொடர்களில் வைத்துப் பார்ப்பதே அதற்கான தேர்வு. “நொதியின் அளவை இரட்டித்தால் எல்லைவேகம் இரட்டிக்கும், அரைவேகச் செறிவு மாறாது.” “போட்டித் தடுப்பான் இருக்கும்போது அரைவேகச் செறிவு கூடுகிறது, எல்லைவேகம் மாறுவதில்லை.” இரண்டும் தடையின்றி ஓடுகின்றன, வினைமையத்துக்காகத் தளப்பொருளோடு போட்டியிடும் தடுப்பானைப் பற்றிய இரண்டாவது தொடர், தளப்பொருளை மிகுதியாகச் சேர்த்து அந்தத் தடுப்பை வெல்லலாம் என்பதையும் உணர்த்திவிடுகிறது.

இச்சொல்லில் ஒரு நெருடல் உண்டு. குளுக்கோசில் பாஸ்பேட்டைச் சேர்க்கும் நொதியான குளுக்கோகைனேசின் வளைகோடு மைக்கேலிஸ் சமன்பாட்டுக்கு அடங்காமல் ‘எஸ்’ எழுத்தைப் போல நெளிகிறது. அதற்கும் எல்லைவேகத்தில் பாதியைத் தரும் ஒரு செறிவு உண்டு. ‘அரைவேகச் செறிவு’ அதையும் குறிக்கும். ‘மைக்கேலிஸ் மாறிலி’ குறிக்காது. ஆதலால் முன்னதைப் பொதுச்சொல்லாகவும், பின்னதை அந்தச் சமன்பாட்டுக்கு அடங்கும் நொதிகளுக்கு மட்டும் உரிய பெயராகவும் பட்டியலில் தனித்தனியே பதியலாம் எனக் கருதுகிறேன்.

தடுப்பான் முன்னிலையில் கிடைக்கும் மதிப்புக்கு ‘தோற்ற அரைவேகச் செறிவு’ என்று எழுதிப் பார்த்தேன். ‘தோற்ற’ என்னும் அடை ‘தோற்றுப்போன’ என்றும் படிக்கப்படுவதால் நிறைவாக இல்லை. ‘புலப்படு அரைவேகச் செறிவு’ சற்றுத் தேவலை என்றாலும் நீளம் இடிக்கிறது. இதைவிடச் சுருக்கமான அடைமொழி தோன்றுவோர் அன்புகூர்ந்து எழுதுக.