‘நட்சத்திர இரவு’ 1000 துண்டு ஜிக்சா: நீலத்தில் வந்து நிற்கிறது, இனி எப்படி?

நீலவிளிம்பு கேட்டது:

வான்கோவின் ‘நட்சத்திர இரவு’, 1000 துண்டு, முடித்தால் 70 × 50 செ.மீ. ஓரம், பிறை நிலா, நட்சத்திரங்களின் மஞ்சள் நடுப்பகுதி, வீடுகள், சைப்ரஸ் மரம் வரை முடிந்தாயிற்று. பாக்கி சுமார் 450 துண்டு, எல்லாம் வானமும் மலையும். வெளிர் நீலம், நடு நீலம், கருநீலம் என்று மூன்று டிரேயில் பிரித்தும் மணிக்கு நாலைந்து துண்டுக்கு மேல் நகரவில்லை.

கேட்க நினைப்பவை: நீலத்தை இன்னும் எப்படிப் பிரிப்பது? சில துண்டுகள் சரியாக உட்கார்ந்த மாதிரியே இருந்து, பக்கத்துத் துண்டு வைக்கும்போதுதான் தப்பு என்று தெரிகிறது; அதை முன்னாலேயே பிடிக்க வழி உண்டா? மியூசியத் தளத்தில் இருக்கும் படத்தோடு ஒப்பிட்டால் என் பெட்டிப் படத்தில் மேலும் கீழும் கொஞ்சம் குறைகிறது, இது அச்சுப் பிழையா? முடித்த பிறகு பசை போட்டுச் சட்டமிட வேண்டும், அதற்கும் யோசனை சொல்லுங்கள்.

தூரிகைத்தடம்:

நிறத்தை வைத்துப் பிரித்தது போதும். இனி தூரிகை போன திசையைப் பாருங்கள். ஓவிய ஜிக்சாவுக்கும் புகைப்பட ஜிக்சாவுக்கும் உள்ள பெரிய வித்தியாசமே இதுதான். புகைப்படத்து நீல வானத்தில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. இந்த வானத்தில் ஒவ்வொரு விரற்கடையிலும் ஒரு கை இழுத்த கோடு இருக்கிறது.

ஒரு துண்டைக் கையில் எடுங்கள். அதில் நாலைந்து கோடுகள் இருக்கும். அவை வில்லாக வளைந்திருந்தால், வில்லின் உட்பக்கம் எங்கே பார்க்கிறதோ அங்கேதான் நட்சத்திரமோ நிலாவோ இருக்கிறது. வளைவு இறுக்கமாக இருந்தால் நட்சத்திரத்தை ஒட்டிய துண்டு, தளர்ந்து கிட்டத்தட்ட நேர்கோடாகிவிட்டால் தள்ளிப்போன துண்டு. உட்பக்கம் மஞ்சள் கலந்த வெளிர்பச்சை, வெளிப்பக்கம் நீலம் என்றிருந்தால் அது ஒளிவட்டத்தின் விளிம்பு. அந்த வட்டத்தைச் சுற்றி நாலைந்து இடத்தில் மட்டும் வைத்துப் பார்த்தால் போதும்.

மூன்று டிரேயையும் மொத்தமாகக் கொட்டி, இப்படிப் பிரியுங்கள்: வில் கோடுகள், வானத்தின் நடுவில் ஓடும் பெரிய சுழலுக்குரிய நீளமான, தடித்த வெளிர் கோடுகள், மலைக்கு மேலே படுத்திருக்கும் வெண்மையான பட்டை, கருநீலக் கோட்டால் எல்லை கட்டிய மலைத் துண்டுகள், எதிலும் சேராத நேர்கோட்டு நீலம். கடைசி டிரேதான் கடினம், அதை இப்போது தொடவே வேண்டாம்.

முதலில் அந்த வெண்பட்டையை முடியுங்கள். அது மரத்துப் பக்கமிருந்து வலது ஓரம் நோக்கிப் போகிறது, அதனால் படத்துக்குள் இன்னொரு ஓரம் கிடைத்த மாதிரி ஆகிவிடும். வானத்தை அதற்கு மேலேயும் மலையை அதற்குக் கீழேயும் தனித்தனியாகக் கட்டலாம். 450 துண்டுப் பிரச்சினை இரண்டு சின்னப் பிரச்சினையாக உடையும்.

லைட்டையும் கவனியுங்கள். மஞ்சள் வெளிச்சம் தரும் பல்பின் கீழ் கருநீலமும் கரும்பச்சையும் கறுப்பாகவே தெரியும். 5000 கெல்வின் அளவில் வெள்ளை வெளிச்சம், சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு உள்ளபடி காட்டுகிறது என்ற அளவு, உச்சம் 100) 90க்கு மேல் இருக்கும் விளக்காகப் பாருங்கள். நேர் மேலே வைக்காமல் பக்கவாட்டில் வைத்தால் துண்டின் பளபளப்பு கண்ணில் அடிக்காது. இன்னொரு வழி: டிரேயை மொபைலில் படம் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். நிறம் போய்விட்டால் எது அடர்த்தி, எது வெளிர் என்பது பளிச்சென்று தெரியும்.

நான்குமூலை:

பொய்ப்பொருத்தம் பற்றி நான் சொல்கிறேன். முதலில் ஓரத்தை எண்ணுங்கள். 1000 துண்டு என்று போட்டிருந்தாலும் எல்லாப் பெட்டியிலும் ஒரே கட்டம் இருக்காது. 40 × 25 என்றால் சரியாக 1000. 38 × 27 என்றால் 1026. வேடிக்கை என்னவென்றால் இரண்டிலும் ஓரத் துண்டுகள் 126தான், ஆகவே மொத்தத்தை எண்ணிப் பயனில்லை. மேல் ஓரத்தையும் பக்க ஓரத்தையும் தனித்தனியாக எண்ண வேண்டும். மேலே 40, கீழே 39 என்று வந்தால் ஓரத்திலேயே தப்பு இருக்கிறது. ஓரத் துண்டுக்கு மூன்று பக்கம்தான் பொருந்த வேண்டும் என்பதால் பொய்ப்பொருத்தம் அங்கேதான் அதிகம். அந்தத் தப்பு உள்ளே பத்து வரிசை கட்டிய பிறகுதான் முகத்தைக் காட்டும்.

இந்த எண்ணிக்கைக்கு இன்னொரு பயனும் உண்டு. 70 × 50 செ.மீ. படத்தில் 40 × 25 என்றால் ஒரு துண்டு சராசரியாக 17.5 மி.மீ. அகலம், 20 மி.மீ. உயரம். துண்டு நெட்டையாக இருப்பதால் எது மேல்கீழ், எது பக்கவாட்டு என்று கையில் எடுத்ததுமே தெரிந்துவிடும். நாலு விதமாகத் திருப்பிப் பார்க்கத் தேவையில்லை, இரண்டு போதும். 38 × 27 என்றால் 18.4 × 18.5, ஏறக்குறையச் சதுரம், அந்த வசதி கிடையாது. நட்சத்திரம் எந்தப் பக்கம் என்று தூரிகைத்தடம் சொன்னது இந்த நெட்டைத் துண்டில் இன்னும் வேகமாக வேலை செய்யும்.

துண்டு உண்மையாகவே பொருந்தியதா என்று பார்க்க மூன்று சோதனை. ஒன்று, இரண்டு துண்டையும் சேர்த்து லைட்டுக்கு எதிரே பிடியுங்கள்; இடைவெளியில் வெளிச்சம் ஊசிபோலத் தெரிந்தால் சந்தேகம். இரண்டு, திருப்பிப் பின்பக்க அட்டையைப் பாருங்கள். முன்பக்கம் படம் கண்ணை ஏமாற்றும், பின்பக்கச் சாம்பல் அட்டையில் இடைவெளி மறைவதில்லை. மூன்று, வரிசை வரிசையாக வெட்டிய ஜிக்சாவில் நாலு மூலை சந்திக்கும் புள்ளியைப் பாருங்கள். நாலு துண்டும் ஒரே புள்ளியில் கூட வேண்டும். ஒரு மூலை அரை மில்லிமீட்டர் விலகினாலும் அந்த நாலில் ஒன்று தப்பு.

இரண்டு பக்கம் மட்டும் ஒட்டியிருக்கும் துண்டை உறுதியானதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மூன்றாவது பக்கம் சேரும் வரை அது சந்தேகக் கணக்குதான்.

நீலவிளிம்பு:

எண்ணிப் பார்த்தேன், மேலே 40, கீழே 40, பக்கம் 25. நெட்டைத் துண்டுகள்தான். அந்த ‘எதிலும் சேராத’ டிரேயில் 140 துண்டு வருகிறது. அதையும் கோட்டை வைத்தே போடுவதா, இல்லை வடிவத்துக்குப் போய்விடலாமா?

நான்குமூலை:

வடிவத்துக்குப் போங்கள். வெளியே நீட்டியிருப்பது நாக்கு, உள்ளே குழிந்திருப்பது பள்ளம் என்று வைத்தால், நாலு பக்கத்துத் துண்டுக்கு வடிவம் ஆறே வகை: நாலும் நாக்கு, மூன்று நாக்கு ஒரு பள்ளம், எதிரெதிரே இரண்டு நாக்கு, அடுத்தடுத்து இரண்டு நாக்கு, ஒரு நாக்கு மூன்று பள்ளம், நாலும் பள்ளம். பெரும்பாலும் எதிரெதிர் நாக்குதான் நிறைய இருக்கும். உங்களுடையது நெட்டைத் துண்டு என்பதால் அதையும் இரண்டாக்குங்கள்: நாக்கு மேலும் கீழும் இருப்பவை, நாக்கு இடமும் வலமும் இருப்பவை. எல்லாவற்றையும் ஒரே திசையில் நிறுத்தி வரிசையாக அடுக்குங்கள்.

பிறகு மூன்று பக்கம் சூழ்ந்த ஒரு காலியிடத்தைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு எந்த வகை வேண்டும் என்று பார்த்து, அந்த வரிசையை மட்டும் முதலிலிருந்து கடைசிவரை ஒன்றுவிடாமல் வைத்துப் பாருங்கள். கண்ணுக்குப் பிடித்ததை எடுத்து எடுத்துப் பார்த்தால் ஒரே துண்டையே ஐந்து முறை முயல்வீர்கள். 40 துண்டு வரிசையில் சராசரியாக 20 முயற்சிக்குள் கிடைக்கும், ஒவ்வொன்று முடியும்போதும் வரிசை சுருங்கும்.

ஆனால் இதை 450 துண்டிலும் தொடங்கியிருக்கக் கூடாது. வடிவம் கடைசி ஆயுதம். முதலிலேயே வடிவத்தால் பிரித்தால் படம் தரும் துப்பெல்லாம் கலைந்துவிடும்.

சட்டகம்70:

வெட்டுப்பட்டது அச்சுப் பிழை இல்லை, கணக்கு. மூல ஓவியம் 73.7 × 92.1 செ.மீ., அகலம் உயரத்தைப் போல 1.25 மடங்கு. 70 × 50 ஜிக்சா 1.4 மடங்கு. அகலத்தை முழுதாக வைத்தால் உயரம் 56 செ.மீ. வேண்டும், பெட்டியில் இருப்பது 50தான். ஆக 6 செ.மீ. போய்விட்டது, மூல ஓவியத்தில் ஏறக்குறைய 8 செ.மீ. பட்டை. ஆகவே மியூசியப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து வேலை செய்யும்போது ஓரத்திலிருந்து தூரம் கணக்கிடாதீர்கள், நட்சத்திரத்திலிருந்து நட்சத்திரத்துக்குக் கணக்கிடுங்கள். பெட்டிப் படத்தைவிட மியூசியப் படம் கோடுகளைத் தெளிவாகக் காட்டும். நிறத்துக்கு மட்டும் இரண்டையும் நம்பாமல், ஏற்கனவே சேர்த்த துண்டுகளையே ஆதாரமாக வையுங்கள்.

அடுத்து வாங்கும்போது இந்த விகிதத்தைப் பார்த்து வாங்குங்கள். புரூகலின் ‘நெதர்லாந்துப் பழமொழிகள்’ (1559) கிட்டத்தட்ட 117 × 163 செ.மீ., 70 × 50இல் அப்படியே உட்காரும். ஒவ்வொரு துண்டிலும் ஒரு கையோ குடமோ கூரையோ இருக்கும் என்பதால் தேங்கி நிற்கும் இடம் குறைவு. கிளிம்டின் ‘முத்தம்’ 180 × 180, முழுச் சதுரம். அதை 70 × 50இல் நிரப்பி அச்சிட்டால் ஏழில் இரண்டு பங்கு காணாமல் போகும், சதுர ஜிக்சாவாகத் தேடுவது நல்லது. அதில் ஆணின் அங்கியில் கறுப்பு வெள்ளைச் செவ்வகங்கள், பெண்ணின் உடையில் வட்டங்கள். அது நொடியில் பிரியும். பின்னணியின் பொன்பழுப்பு மட்டும் பொறுமை கேட்கும். சோராவின் ‘கிராந்த் ஜாத்’ ஞாயிறு ஓவியத்தில் தூரிகைத்தடம் சொன்ன திசை முறை அவ்வளவாக எடுபடாது, எல்லாம் புள்ளி. அங்கே எந்த இரண்டு நிறப் புள்ளிகள் எவ்வளவு கலந்திருக்கின்றன என்று பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.

பசை விஷயம். ஜிக்சாவுக்கென்றே விற்கும் பசை வேண்டும், காய்ந்தால் கண்ணாடிபோல ஆகும் வெள்ளைப் பிவிஏ வகை. பட்டர் பேப்பரோ மெழுகுத் தாளோ அடியில் விரித்துத் தொடங்குங்கள். செய்தித்தாள் வேண்டாம், ஒட்டிக்கொண்டு வராது. உருட்டுக் கட்டையால் ஒருமுறை அழுத்தித் துண்டுகளைச் சமப்படுத்துங்கள். பசையை நடுவில் ஊற்றி, பழைய பிளாஸ்டிக் அட்டையைச் சாய்த்துப் பிடித்து ஓரத்தை நோக்கி இழுங்கள். 70 × 50க்கு 100 மி.லி. தாராளம். இடைவெளிகளுக்குள் இறங்க வேண்டும், மேலே குளம்போல் நிற்கக் கூடாது. நின்றால் வெள்ளைத் திட்டாகக் காயும், ஓரத்தில் மேல்தாள் ஊறி உரியும்.

பலரும் மாட்டிக்கொள்வது வளைவில். பசையிலிருக்கும் ஈரம் மேல்தாளை நீட்டுகிறது, காயும்போது அது சுருங்கி மொத்தப் படத்தையும் மேல்நோக்கி இழுக்கிறது. முன்பக்கம் முழுதாகக் காய்ந்த மறுநாள் திருப்பிப் போட்டு, பின்பக்கமும் அதே அளவு மெல்லிய பூச்சு கொடுங்கள், இரண்டு இழுப்பும் சமமாகும். திருப்பும்போது தனியாகத் தூக்காமல், மேலும் கீழும் இரண்டு பலகை வைத்துச் சேர்த்துப் பிடித்துத் திருப்புங்கள். பிறகு மெழுகுத் தாளுக்கு நடுவில் வைத்துக் கனமான புத்தகங்களின் கீழ் இரண்டு நாள்.

தூரிகைத்தடம்:

ஒரு சேர்ப்பு. ‘முத்தம்’ மாதிரிப் படங்களில் பொன் ஃபாயில் அச்சு இருந்தால் முன்பக்கம் பசை போடவே வேண்டாம், மினுமினுப்பு மங்கிவிடும். அதற்குப் பின்பக்கம் ஒட்டும் சுய ஒட்டுத் தாள்கள் சரி. நடுவிலிருந்து ஓரத்துக்குக் கையால் தேய்த்துக் காற்றை வெளியேற்றி ஒட்டுங்கள். ஒரு துண்டு குறைந்திருந்தால் ஒட்டுவதற்கு முன்னாலேயே அந்த இடத்தைச் சரிசெய்யுங்கள்: காலியிடத்துக்கு மேல் மெல்லிய தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்தால் வடிவம் கிடைக்கும், அதே தடிமன் அட்டையில் வெட்டி, மியூசியப் படத்திலிருந்து அந்தப் பகுதியை அளவாக அச்சிட்டு ஒட்டிக்கொள்ளலாம்.